உள்பக்கம் பிடியில்லாத கதவு

திருவிருந்துத் தட்டு மூன்றாவது மாதமும் அவன் கையில் ஒரு நொடி நின்றது. தட்டு நிறையச் சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மிடறு திராட்சரசம். அவன் ஒன்றையும் எடுக்கவில்லை. பக்கத்திலிருந்த மனைவியிடம் தட்டைத் தள்ளிவிட்டு, குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அறுபது பேர் வருகிற சின்னச் சபை அது. அங்கே ஒருவன் தும்மினாலே அடுத்த வாரம் வரைக்கும் நலம் விசாரிப்பார்கள். முதல் மாதம் அவன் கிண்ணம் எடுக்காதபோது உடம்பு சரியில்லை என்று நினைத்தார்கள். இரண்டாம் மாதம் புருவத்தைத் தூக்கினார்கள். மூன்றாம் மாதம் பின்வரிசைப் பெண்கள் இரண்டு பேர் அவன் மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார்கள் பாருங்கள், அந்தப் பார்வைதான் அவளைக் கொன்றது.

யார்மேலாவது தீராத பகையை வைத்துக்கொண்டு அந்தக் கிண்ணத்தைத் தொடக் கூடாது என்பது சபையின் ஒழுங்கு. போதகர் ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லுவார், ஒவ்வொரு முறையும் எல்லாரும் கேட்டுக்கொள்ளுவார்கள். பாதிப் பேர் வருகிற வழியிலேயே யாருடனாவது சண்டை போட்டுவிட்டுத்தான் வந்து உட்காருவார்கள். எடுத்துக் குடித்துவிட்டு, போகிற வழியில் மிச்சச் சண்டையை முடித்துக்கொள்ளுவார்கள். யாரும் கேட்கப்போவதில்லை. இவன் மட்டும்தான் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிற ரகம். அந்த ரகத்து மனிதர்களுக்கு இந்த உலகத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் மனைவி கைப்பையைக் கட்டிலில் வீசினாள்.

"அவ யாரு?"

"எவ?"

"நடிக்காதீங்க. மூணு மாசமா கிண்ணத்தைத் தொடல. வீட்டுக்கு வந்தா பேச்சு இல்ல. சாப்பாட்டைக் கொறிச்சுட்டு எழுந்துடறீங்க. நான் என்ன மண்ணாங்கட்டியா, ஒண்ணும் புரியாம இருக்க? யாருன்னு சொல்லிடுங்க. நானும் பிள்ளையும் எங்க வழியைப் பார்த்துக்கறோம்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. அது பாதியிலேயே உடைந்து அழுகையாகிப்போனது. நாற்பத்திரண்டு வயது ஆண், சமையலறை வாசலில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினான். அவள் பயந்துபோய் அவன் கையைப் பிடித்தாள். அப்போதுதான் விரல் நுனிகளைப் பார்த்தாள். வெளுத்து, தோல் உரிந்து, சுட்டதுபோல இருந்தன.

"ஐயோ, என்னங்க இது?"

அவன் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான்.

ஐஸ்கிரீமும் உறையவைத்த காய்கறியும் வைக்கிற குளிர்கிடங்கில் அவனுக்கு வேலை. இரண்டு பெரிய அறைகள். உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. பஞ்சு வைத்துத் தைத்த மேலங்கியும் கையுறையும் இல்லாமல் பத்து நிமிஷம் நிற்க முடியாது. அதனால் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவருக்கும் எண் அடித்த ஒரு பித்தளை வில்லை இருக்கும். உள்ளே போகிறவன் தன் வில்லையைக் கதவுக்கு வெளியே இருக்கிற கொக்கியில் மாட்டிவிட்டுப் போவான், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்வான். கொக்கியில் வில்லை தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான், கதவைப் பூட்டாதே என்று அர்த்தம். அவனுடைய வில்லை பதினேழாம் எண்.

அங்கே அவனுக்குப் பெயர் 'பாதிரி'. சாப்பிடுவதற்கு முன்னால் கண்ணை மூடி ஜெபம் பண்ணினான் என்பதற்காக சூப்பர்வைசர் வைத்த பெயர். நாமும் அந்தப் பெயரிலேயே போவோம், அவனே அதற்குப் பழகிப்போய்விட்டான். அவன் கண்ணை மூடுகிற நேரம் பார்த்துச் சாப்பாட்டு டப்பாவை எடுத்து ஒளித்துவைப்பது, டப்பாவை உறைவறையில் போட்டுக் கல்லாக்கித் திருப்பித் தருவது, "பாதிரியார் வர்றாரு, எல்லாரும் பாவத்தை ஒத்துக்குங்கடா" என்று ஆள் திரட்டிக் கும்பிடுவது. இரண்டு வருஷமாக இதே கூத்து. மற்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அடுத்த முறை தங்கள் டப்பா உறையும் என்று அவர்களுக்குத் தெரியும். பாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். பொறுத்துப்போவதுதான் விசுவாசிக்கு அழகு என்று யாரோ எப்போதோ அவன் மண்டையில் ஏற்றியிருந்தார்கள்.

அவன் பொறுக்கப் பொறுக்க சூப்பர்வைசர் ருசி கண்டுவிட்டான். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருநாள், பாதிரி ஒன்றாம் அறைக்குள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது, கொக்கியிலிருந்து பதினேழாம் வில்லையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே தாழ்ப்பாள் போட்டு விளக்கையும் அணைத்துவிட்டான். உள்ளேயிருந்து தள்ளினால் கதவு திறக்கிற பிடி ஒன்று இருந்தது. ஒரு வருஷத்துக்கு முன்னால் அது ஆடுகிறது என்று சூப்பர்வைசரே கழற்றினான். புதுசு வரும் என்றான். வரவேயில்லை.

"அந்த இருட்டுல ஜெபம் பண்ணினேன்மா," என்றான் பாதிரி. "காப்பாத்துங்கன்னு கேக்கத்தான் வாயைத் திறந்தேன். என் வாயில அது வரல. ஆண்டவரே, அவன் சாகணும்னு வந்துச்சு. இதே மாதிரி இருட்டுல, இதே மாதிரி விறைச்சு, அவன் சாகணும். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். இத்தனை வருஷத்துல நான் அவ்வளவு மனசார ஜெபம் பண்ணினதே இல்ல. நேத்து சனிக்கிழமை மறுபடியும் பூட்டினான். கையுறையையும் பிடுங்கிட்டான். இருபத்தஞ்சு நிமிஷம். மறுபடியும் அதேதான் கேட்டேன். இப்படிக் கேட்ட வாயால எப்படிம்மா அந்தக் கிண்ணத்தைக் குடிக்கறது?"

மனைவிக்குப் பேச்சு அடை மழையாக வந்தது. "அவன் நாசமாப் போக! ஆளை உள்ள வெச்சுப் பூட்டறான், நீங்க உங்க ஜெபத்தைப் பத்திக் கவலைப்படறீங்க! நாளைக்கே மேனேஜர்கிட்ட சொல்லுங்க."

"முதல்ல என் மனசு சுத்தமாகணும்."

"மனசு இருக்கட்டும். மனுஷன் உயிரோட இருக்கணும் முதல்ல!"

அவன் கேட்கவில்லை. சாயங்காலம் போதகர் வீட்டுக்குப் போனான். போதகர் நல்ல மனிதர், ஆனால் கிடைத்ததை வைத்துத்தானே அவரும் சொல்ல முடியும்? பாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு பூட்டின கதையைச் சொல்லவேயில்லை. வேலை இடத்தில் ஒருவர்மேல் கசப்பு இருக்கிறது, அதனால்தான் கிண்ணம் எடுக்கவில்லை என்று மட்டும் சொன்னான்.

"அவர்கிட்ட நேரா, தனியாப் போப்பா," என்றார் போதகர். "மனசுல இருக்கறதை முகத்துக்கு நேரா பேசு. அதுக்கும் அவர் கேக்கலைன்னா ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போ."

போதகர் சொன்னதன் அர்த்தம், அவர் உனக்குச் செய்ததை அவரிடமே சொல் என்பது. பாதிரி எடுத்துக்கொண்ட அர்த்தம், நீ அவரிடம் மன்னிப்புக் கேள் என்பது. இவன் போன்ற ஆட்களுக்கு மட்டுமே இப்படிப் புரியும். சவுக்கால் அடி வாங்கிவிட்டு, சவுக்குக்கு வலித்திருக்குமோ என்று விசாரிக்கிற ரகம்.

திங்கட்கிழமை காலை ஏழு அடிக்க இருபது நிமிஷம் இருக்கும்போதே கிடங்குக்குப் போனான். கண்ணாடி அறையில் சூப்பர்வைசர் மட்டும் இருந்தான். அவ்வளவு சீக்கிரம் வருகிற ஆளே இல்லை அவன். அந்தக் குளிரிலும் நெற்றி வியர்த்திருந்தது. பாதிரி அதைக் கவனிக்கவில்லை. இராத்திரி முழுக்கப் பாடம் பண்ணி வைத்த வார்த்தைகளைச் சிந்தாமல் கொண்டுவந்து கொட்டுவதிலேயே குறியாக இருந்தான்.

"சார், என்னை மன்னிச்சிடுங்க."

சூப்பர்வைசர் நிமிர்ந்தான். "என்னடா இது காலங்கார்த்தால? எதுக்கு?"

"உங்களுக்கு எதிரா பெரிய தப்புப் பண்ணிட்டேன் சார். மனசுல. அதைச் சொல்ல வெக்கமா இருக்கு. ஆனா மன்னிப்பு மட்டும் குடுங்க."

சூப்பர்வைசர் அவனையே பார்த்தான். முகத்தில் ஏதோ ஓடியது. வழக்கமாக வருகிற சிரிப்பு வரவில்லை. இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"வாயால சொன்னா போச்சா? எழுதிக் குடு. நான் மன்னிக்கறேன்."

"எழுதணுமா சார்?"

"மனசார கேக்கறவன் எழுதித் தர மாட்டானா? உங்க சாமி அதெல்லாம் சொல்லித் தரலையா?"

பாதிரி எழுதினான். *உங்களுக்கு எதிராக நான் பெரிய தவறு செய்துவிட்டேன். அதற்காக மனதார வருந்துகிறேன். என்னை மன்னிக்க வேண்டும்.* கீழே கையெழுத்து.

"தேதி போடு. நேரத்தையும் போடு," என்றான் சூப்பர்வைசர். அதையும் போட்டான்.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சூப்பர்வைசர் அவன் தோளில் தட்டினான். "போ, நிம்மதியா வேலையைப் பாரு." இரண்டு வருஷத்தில் அந்தக் கை அவனை அடிக்காமல் தொட்டது அன்றைக்குத்தான். பாதிரி மேலங்கியை மாட்டும்போது வாய்க்குள்ளே ஒரு பாட்டை முனகினான். அட, எவ்வளவு சுலபம், இதற்கா மூன்று மாதம் வெந்தோம் என்று இருந்தது. பாவம், அந்த நிம்மதி இருபது நிமிஷம்கூட நிற்கவில்லை.

இரண்டாம் அறைக் கதவின் அடியிலிருந்து வெள்ளையும் சிவப்புமாக ஏதோ வழிந்து வருகிறது என்று யாரோ கத்தினார்கள். ஓடிப் பார்த்தார்கள். அறை நிறைய ஐஸ்கிரீம், எல்லாம் உருகிப் பெட்டி பெட்டியாகச் சரிந்து கிடந்தது. கால் வைத்தால் முழங்கால்வரை பிசுபிசுப்பு. இனிப்பு நாற்றம் குடலைப் பிடுங்கியது.

நடந்தது இதுதான். சனிக்கிழமை நாலு மணிக்கு, பாதிரியை ஒன்றாம் அறையில் பூட்டிய கையோடு, சூப்பர்வைசர் இரண்டாம் அறைக்குப் போய் லாரிக்குச் சரக்கு ஏற்றினான். அவசரத்துக்குக் கதவு மூடாமலிருக்க ஒரு காலிப் பெட்டியை இடுக்கில் செருகினான். லாரி போனது, யாரோடோ போனில் பேசிக்கொண்டே இவனும் போனான். பெட்டி அப்படியே இருந்தது. ஓயாமல் அடிக்கிறதென்று எச்சரிக்கை மணியை அணைத்துவைத்ததும் இவனேதான். திங்கட்கிழமை சீக்கிரம் வந்தவன் அதைப் பார்த்துவிட்டு, பெட்டியை எடுத்துக் கதவை மூடி, என்ன செய்வதென்று தெரியாமல் வியர்த்து உட்கார்ந்திருந்தான். அந்த நேரம் பார்த்துத்தான் ஒருவன் தானாக வந்து, நான் பெரிய தப்புப் பண்ணிவிட்டேன் என்று கழுத்தை நீட்டினான்.

பத்து மணிக்கு மேனேஜர் அறையில் அந்தத் தாள் மேஜைமேல் விரிந்து கிடந்தது.

"இது உன் கையெழுத்தா?" என்றார் மேனேஜர்.

"ஆமா சார்."

"சனிக்கிழமை நாலு மணியிலருந்து ரெண்டாம் அறையில சூடு ஏறியிருக்கு. பதிவுத் தாள்ல கோடு தெளிவா இருக்கு. அங்க சரக்கு ஏத்தினது நீதான்னு சூப்பர்வைசர் சொல்றாரு. இன்னிக்குக் காலையில நீயே வந்து ஒத்துக்கிட்டு எழுதியும் குடுத்திருக்கே."

பாதிரி சூப்பர்வைசரைப் பார்த்தான். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், அது இதுக்கு இல்ல. நான் அந்த நேரத்துல ஒண்ணாம் அறைக்குள்ள இருந்தேன்."

"கொக்கியைப் பார்த்து எழுதற ஏட்டுல உன் வில்லை ஒண்ணாம் அறையில இல்லன்னுதான் இருக்கு."

"அதை இவர் எடுத்துட்டாரு சார்."

"அப்ப எந்தத் தப்புக்குத்தான் மன்னிப்பு கேட்டே?"

வாடகை வீடு, பள்ளிக்கூடத்தில் ஒரு மகள், வேறு வேலை எதுவும் தெரியாத இரண்டு கைகள். எல்லாம் அந்த ஒரு கேள்வியில் தொங்கியது. வாய்க்கு வந்த பொய் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். அவனுக்கு அது வராது.

"இவர் சாகணும்னு ஜெபம் பண்ணினேன் சார். அதுக்குத்தான்."

மேனேஜர் சிரித்துவிட்டார். சூப்பர்வைசரும் கூடச் சேர்ந்து சிரித்தான். "பார்த்தீங்களா சார், மறை கழண்ட கேஸு!" ஆனால் மேனேஜர் சிரித்து முடித்ததும் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார்.

"ஏன்?"

இரண்டு வருஷத்தில் ஏன் என்று யாரும் அவனைக் கேட்டதில்லை. அவன் சொன்னான். டப்பா, கையுறை, வில்லை, இருட்டு, இருபத்தைந்து நிமிஷம். நிறுத்தாமல் சொன்னான். "சனிக்கிழமை என்னைத் திறந்துவிட்டது நெட்டை. அவனைக் கேளுங்க சார்."

நெட்டை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். வாசலில் தலை இடிக்கிற உயரம். அவனைக் கூப்பிட்டார்கள். அவன் பாதிரியைப் பார்க்கவில்லை, சூப்பர்வைசரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்து, "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்," என்றான்.

முடிந்தது கதை. கூட ஆளைக் கூட்டிப்போ என்று போதகர் சொன்னாரே, அந்த ஆளும் கைவிட்டாயிற்று. பாதிரி கண்ணை மூடினான். ஜெபம் எதுவும் வரவில்லை. ஆண்டவரே என்ற ஒற்றைச் சொல்லுக்கு மேல் நாக்கு போகவில்லை.

"சார், ஒண்ணே ஒண்ணு," என்றான். "ஒண்ணாம் அறைக்கு வந்து உள்பக்கம் பிடி இருக்கான்னு மட்டும் பாருங்க. அதுக்கப்புறம் என்னை என்ன வேணா பண்ணுங்க."

"இருக்கு சார்," என்றான் சூப்பர்வைசர், கேட்டு முடிப்பதற்குள். "பனி மூடியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. வேலை செய்யும்."

அந்த அவசரம்தான் மேனேஜரை நாற்காலியிலிருந்து எழுப்பியது. நாலு பேரும் ஒன்றாம் அறைக்குப் போனார்கள். கதவின் உள்பக்கம் விரல் கனத்துக்கு உறைபனி. மேனேஜர் வாசலிலேயே நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"வேலை செய்யும்னு சொன்னீங்கல்ல? உள்ள போய் நின்னு திறந்து காட்டுங்க. நெட்டை, கதவை மூடு."

"இப்பவேவா சார்? மேலங்கி இல்லாம..."

"ஒரு நிமிஷம்தானே. போங்க."

சூப்பர்வைசர் மெல்லிய சட்டையோடு உள்ளே போனான். போகாமல் எப்படி, வேலை செய்யும் என்று சொன்னது அவன் வாய்தானே. நெட்டை கதவைப் பிடித்தான். அவன் முகத்தில் இத்தனை நேரம் இல்லாத ஒரு வெறி ஏறியிருந்தது. கல்லாய் உறைந்த எத்தனை டப்பாக்களை அவனும் கடித்துத் தின்றிருக்கிறான்! தோளைக் கொடுத்துத் தள்ளினான். கனத்த கதவு விர்ரென்று போனது.

"வேண்டாம்! மூடாதே! பிடி இல்லடா!" உள்ளேயிருந்து அலறல்.

கதவு மூடவில்லை. பாதிரியின் பூட்ஸ் நடுவில் இருந்தது.

எப்போது காலை நீட்டினான் என்று அவனுக்கே தெரியாது. மூன்று விரல் இடைவெளியில் வெள்ளைப் புகை பீறிட்டது. அதற்குள்ளே ஒரு முகம், வாய் திறந்து, கண் பிதுங்கி. மூன்று மாதமாக அவன் மனசார வேண்டிக் கேட்டது கேட்டபடியே தட்டில் வைத்து நீட்டப்பட்டிருந்தது. காலை இழுத்துக்கொண்டால் போதும்.

"காலை எடுப்பா," என்றான் நெட்டை, மூச்சு வாங்க. "அஞ்சு நிமிஷம். வெறும் அஞ்சே நிமிஷம். சனிக்கிழமை நீ இருபத்தஞ்சு நிமிஷம் இருந்தியே! நான் திறக்கும்போது உனக்குப் பேச்சே வரலையே! எடு காலை!"

"வேண்டாம் நெட்டை."

"இவனுக்கு என்னத்துக்குடா பரிதாபம்?"

"பரிதாபம் இல்ல. அந்த இருட்டுல மனுஷன் வாயில என்ன வரும்னு எனக்குத் தெரியும். இவனுக்கும் அது வேண்டாம்."

அவன் கதவைத் தோளால் தள்ளித் திறந்தான். சூப்பர்வைசர் தடுமாறி வெளியே வந்து சுவரில் சாய்ந்தான். யாரையும் பார்க்கவில்லை. மேனேஜர் நெட்டையைப் பார்த்தார். நெட்டைக்கு அப்போதுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று உறைத்தது.

இத்தோடு நியாயம் கிடைத்தது என்று நினைத்தீர்களானால், நீங்கள் மேனேஜர்களைப் பார்த்ததில்லை. மறுபடி அந்த அறை, மறுபடி அந்த மேஜை. இந்த முறை பாதிரி மட்டும். மேனேஜர் ஒரு புது வெள்ளைத்தாளை அவன் பக்கம் நகர்த்தினார். குரல் வெண்ணெயாக இருந்தது.

"உன்மேல தப்பில்லப்பா. ஐஸ்கிரீம் விஷயத்தை நான் பார்த்துக்கறேன். ஆனா ஆளை வெச்சுப் பூட்டினாங்கன்னு வெளியில தெரிஞ்சா கிடங்கையே மூடிடுவாங்க. எண்பது பேர் பொழப்பு. நீ சாமி கும்பிடற ஆள். அவரை மன்னிச்சுட்டேன்னு எழுதிக் குடு. அது விளையாட்டு, யாரும் என்னைப் பூட்டலைன்னு ஒரு வரி சேர்த்துக்க. நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வா."

பாதிரி பேனாவை எடுத்தான். கீழே வைத்தான்.

"மன்னிச்சுடறேன்னு எழுதறேன் சார். இன்னும் முழுசா முடியல, ஆனா எழுதறேன். பூட்டலைன்னு எப்படி சார் எழுதறது? பூட்டினாரே."

"ரெண்டும் ஒண்ணுதானேப்பா."

"இல்ல சார். மன்னிக்கறது எனக்கும் அவருக்கும் நடுவுல. பிடி இல்லாதது அடுத்து உள்ள போறவனுக்கு. அதை நான் எப்படி மன்னிக்க முடியும்? பிடியை மாட்டுங்க சார். வேற எதுவும் நான் கேக்கல."

வெண்ணெய் கெட்டியானது. "எழுதலைன்னா நாளையிலருந்து வர வேண்டாம்."

அவன் எழுந்தான். வீரமாக நடந்து வந்தான் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். வாசலுக்கு வந்து குழாயடியில் வாந்தி எடுத்தான். பஸ் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான், மூன்று பஸ்ஸை விட்டான். வீட்டுக்குப் போய் என்ன சொல்வது?

மனைவி கேட்டுவிட்டு ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. மறுநாள் காலையில் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, "வாங்க," என்றாள். தொழிலாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனாள். போகிற வழியில் போதகர் வீட்டில் நிறுத்தி எல்லாவற்றையும் அவள் வாயாலேயே சொன்னாள். போதகர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதை முதல்லயே சொல்லியிருந்தா நானே கூட வந்திருப்பேனேப்பா," என்று செருப்பை மாட்டினார். மூன்று பேரும் வரிசையில் நின்று, எந்த அறை, எத்தனை நிமிஷம், எந்தக் கதவு என்று எழுதிக் கொடுத்தார்கள். அங்கிருந்த அதிகாரி ஒரு முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். பார்ப்போம் என்றார்.

அந்த ஒரு மாதம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். பாதிரி தினமும் வேலை தேடிப் போனான், தினமும் வெறுங்கையோடு வந்தான். முன்னால் வேலை பார்த்த இடத்தில் விசாரிக்கிறோம் என்பார்கள், விசாரித்த பிறகு கூப்பிடமாட்டார்கள். மனைவி ஒரு வீட்டில் துணி தேய்க்க ஒப்புக்கொண்டாள். மகள் அப்பா ஏன் வீட்டிலேயே இருக்கிறார் என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். சில மதியங்களில் அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தான். சில மதியங்களில் சூப்பர்வைசர்மேல் ஆத்திரம் பொங்கும். ஆண்டவர் எங்கே போனார் என்றும் கேட்டான். பதில் வரவில்லை.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மதியம் யாரோ கதவைத் தட்டினார்கள். நெட்டை, குனிந்து நின்றான். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. உள்ளங்கையை விரித்தான். பதினேழாம் எண் பித்தளை வில்லை.

"அந்த ஆளோட இழுப்பறையில இருந்துச்சு. எடுத்துட்டு வந்தேன்."

"எனக்கு எதுக்குப்பா இது இப்போ?"

"தெரியல. குடுக்கணும்னு தோணுச்சு." வில்லையை அவன் கையில் வைத்தான். "லேபர் ஆபீஸ்ல இருந்து ஆபீசர் வந்தாரு. என்னைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டாரு. இந்தத் தடவை சொல்லிட்டேன். ரெண்டு அறைக்கும் பிடி மாட்டிட்டாங்க. நான் உள்ள போய் நின்னு தள்ளிப் பார்த்தேன், திறக்குது."

"அவரு?"

"அங்கதான் இருக்காரு. எழுத்துல ஒரு கண்டிப்பு, அவ்வளவுதான். உன்னைத் திரும்பக் கூப்பிடற பேச்சே இல்ல. உன் கேஸு நடக்கும், நாளாகும்னு ஆபீசர் சொன்னாரு." அவன் கண் கலங்கியது. "அன்னிக்கு மேனேஜர் கேட்டப்பவே நான் சொல்லியிருக்கணும்."

பாதிரி அவன் கையைப் பிடித்தான்.

மறுநாள் அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு. தட்டு முன்வரிசையிலிருந்து வந்துகொண்டிருந்தது. பின்வரிசைப் பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். இந்த முறை மனைவி வரிசையில் பாதிரிக்கு முந்தின இடத்தில் உட்கார்ந்திருந்தாள், தட்டு முதலில் அவளிடம் வந்தது. அவள் தன் கிண்ணத்தை எடுத்துவிட்டுத் தட்டை அவன் முன்னால் நீட்டினாள். அவன் கை எழவில்லை.

"என்னங்க?" என்றாள் மெல்ல.

"இன்னும் கோபம் இருக்கும்மா. நேத்து ராத்திரிகூட இருந்துச்சு. போகல."

"கோபம் இருக்கட்டும். எனக்கும்தான் இருக்கு. ஒண்ணு சொல்லுங்க. அவன் சாகணுமா?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். அந்த மூன்று விரல் இடைவெளியையும், புகைக்குள்ளே திறந்திருந்த வாயையும், தன் பூட்ஸையும் நினைத்துப் பார்த்தான்.

"வேண்டாம்."

"அப்ப எடுங்க."

அவன் விரல் நுனிகளில் புதுத்தோல் இன்னும் முழுசாக வரவில்லை. கிண்ணம் வழுக்கியது. அவன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். குடித்து முடிக்கும்வரை மனைவி தட்டை நகர்த்தாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். வரிசை முழுக்கக் காத்திருந்தது.